பதினேழாம் லாரிக்கு ஏற்ற ஆயில்

தோபா ஏரிக்கு மேலே, சிமாங்கா மலைத்தோட்டத்தில் இருபத்தாறு லாரிகள் இருக்கின்றன. அவற்றை ஓட்ட இருபத்தாறு பேர். அந்த இருபத்தாறு லாரிகளின் எஞ்சின்களைக் கவனித்துக்கொள்ள எஞ்சின் நலத்துறையில் நாற்பத்தொன்பது பேர். இந்த நாற்பத்தொன்பது பேரில் ஒருவருக்கும் லாரி ஓட்டத் தெரியாது. அதில் குற்றம் ஒன்றுமில்லை. கை கறைபடாமல் இருந்தால்தான் முடிவெடுக்கும்போது மனசும் சுத்தமாக இருக்கும் என்று துறைத்தலைவர் பின்சார் ஐயாவே சுதந்திர நாள் உரையில் சொல்லியிருக்கிறார். கைதட்டியவர்களில் ஓட்டுநர்களும் உண்டு. தட்டாதவர்களின் பெயரை எழுதிக்கொள்ள ஒரு ஆள் நின்றிருந்தார்.

தோகாருக்கு அந்த வருஷம் பதினேழாம் லாரியைக் கொடுத்தார்கள். கொடுத்தார்கள் என்பது மரியாதைக்குச் சொல்வது. அவன் தலையில் கட்டினார்கள். ஏழு மாதத்துக்கு முன்னால் மரோலோப் செத்தது அந்த லாரியில்தான். எண்ணெய்ப்பனைக் குலை ஏற்றிக்கொண்டு கீழே எண்ணெய் ஆலைக்கு இறங்கும்போது, ஏரி முதன்முதலாகக் கண்ணில் படுகிற வளைவில், எஞ்சின் அப்படியே இறுகிப் பிடித்துக்கொண்டது. வண்டி கியரில் இருந்ததால் பின்சக்கரங்களும் பூட்டிக்கொண்டன. வண்டி சரிந்துபோன தடத்தில் இன்னமும் புல் முளைக்கவில்லை. துறை அந்த வண்டியை மேலே இழுத்து, நசுங்கினதைத் தட்டி நிமிர்த்தி, நீலப் பெயிண்ட் அடித்து, புது எஞ்சின் இறக்கி, ‘பதினேழு தயார்’ என்று பலகையில் எழுதிப்போட்டது. எஞ்சின் மட்டும்தான் புதுசு. சீட்டு மரோலோப்பின் சீட்டு. அவன் உட்கார்ந்து உட்கார்ந்து இடதுபக்கம் பள்ளம் விழுந்த சீட்டு.

மரோலோப் குள்ளம். தோகார் நெட்டை. முதல் நாள் ஏறி உட்கார்ந்ததும் பக்கவாட்டுக் கண்ணாடியைத் தன் கண்ணுக்கு ஏற்ற மாதிரி தூக்கி வைத்தான். மறுநாள் காலையில் அது கீழே சாய்ந்திருந்தது. மூன்றாம் நாளும் அப்படியே. பூட்டிய கேபினுக்குள் கிராம்பு சிகரெட் வாசனை வேறு. தோகார் சிகரெட் பிடிக்கிறவன் இல்லை.

“ஸ்க்ரூ லூஸு மச்சான்” என்றான் மெக்கானிக் விக்தர். ஏறி நன்றாக முறுக்கினான்.

மறுநாளும் கண்ணாடி கீழேதான் பார்த்தது. விக்தர் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றான். “சரி, இந்த ஸ்க்ரூவும் லூஸு” என்று சொல்லிவிட்டு வேகமாகப் போய்விட்டான்.

ஆனால் தோகாருக்குப் பேயைப் பற்றிப் பயம் கிடையாது. மரோலோப் அவனுக்கு அக்காளைக் கொடுக்காத குறையாக மச்சான் மச்சான் என்று பழகினவன். செத்தபிறகு மட்டும் கெட்டவனாகிவிடுவானா என்ன. தோகார் பயந்தது கொட்டகை மூலையில் நின்ற பச்சைப் பீப்பாய்க்கு.

அந்தப் பீப்பாயின் வரலாற்றைச் சொல்லியாக வேண்டும். புது எஞ்சினுக்கு முதல் ஆயில் எது என்று முடிவுசெய்ய ஆயில் தேர்வுக்குழு பதினோரு முறை கூடியது. தொண்ணூற்றிரண்டு தகுதிகள் வகுத்தது. நிறம், மணம், பீப்பாயின் வடிவழகு, மூடியின் கண்ணியம், அனுப்பியவர் கடிதத்தில் காட்டிய பணிவு, எல்லாவற்றுக்கும் மதிப்பெண் போட்டது. பச்சைப் பீப்பாய் தொண்ணூற்றொன்றில் முதலிடம். தொண்ணூற்றிரண்டாவது தகுதி ‘இது எஞ்சின் ஆயில்தானா’ என்பது. அதற்குள் சாப்பாட்டு மணி அடித்துவிட்டதால் அதை அடுத்த ஆண்டுக்கு ஒத்திவைத்தார்கள். அது எஞ்சின் ஆயில் இல்லை. ஆலையில் பனங்கொட்டை பிழிகிற இயந்திரத்துக்கு ஊற்றுகிற ஹைட்ராலிக் ஆயில். அந்த முடிவுக்குப் பிறகு முதல் புது எஞ்சின் கிடைத்தது மரோலோப்புக்கு; அதில் ஊற்றியதும் அதுதான்.

மரோலோப் செத்ததும் துறை விசாரணை நடத்தியது. அந்த வளைவில் ஒரு வழக்கம் உண்டு. அங்கே இருக்கிறவர்களுக்கு மூன்று ஹாரன் அடித்துவிட்டுத்தான் எந்த வண்டியும் திரும்பும். யார் இருக்கிறார்கள் என்று எந்த ஓட்டுநரும் கேட்டதில்லை. அடித்துவிட்டுப் போவான், அவ்வளவுதான். விசாரணை அறிக்கை அதைப் பிடித்துக்கொண்டது. நூற்றிப்பத்துப் பக்கம். விபத்துக்குக் காரணம்: ஓட்டுநர் வளைவுவாசிக்கு மும்முறை ஹாரன் அடிக்கத் தவறியது, அதனால் மனம் புண்பட்ட வளைவுவாசி எஞ்சினுக்குள் புகுந்து பிஸ்டனைப் பிடித்துக்கொண்டது. ஆதாரம்: சிதைந்த வண்டியில் ஹாரன் மட்டும் புத்தம்புதிதாக இருந்தது, ஆகவே அது பயன்படுத்தப்படவில்லை.

ஓட்டுநர்கள் அந்த வரியை இரண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டார்கள். பேய் உண்டா என்று அவர்கள் சந்தேகப்பட்டதே இல்லை. ஆனால் பேய் சிலிண்டருக்குள் போய்ப் பிஸ்டனைப் பிடிக்கும் என்று அவர்களில் எவனும் நினைத்ததில்லை. அதற்குப் படித்தவர்கள் வேண்டியிருந்தது. துறையில் கையோடு ‘வளைவுவாசித் தொடர்புப் பிரிவு’ என்று ஒன்றைத் தொடங்கி, ஏழு பேரைப் போட்டு, தனி அறையும் கொடுத்தார்கள்.

தோகார் பின்சார் ஐயாவைப் போய்ப் பார்த்தான்.

“ஐயா, அந்தப் பச்சைப் பீப்பாய் எஞ்சினுக்கு ஆகாதுங்க. கையில எடுத்துப் பாத்தேன், தண்ணியாட்டம் ஓடுது.”

“ஆயிலைக் கையில எடுத்தா பாத்த?”

“ஆமாங்கய்யா.”

“அங்கதான் தப்பு பண்ணிட்ட தம்பி. இருபத்திரண்டு வருஷமா இந்தத் துறையில இருக்கேன். ஒரு நாள் ஆயிலைத் தொட்டதில்ல. தொட்டா பாரபட்சம் வந்துடும்.”

“மரோலோப் இந்த ஆயில்லதாங்க செத்தான்.”

“மரோலோப் எப்படிச் செத்தான்னு அறிக்கையில இருக்கு. அதுல ஆயில்னு ஒரு வார்த்தை வருதா, பாரு. வராது. ஏன் வராது? ஆயிலைத் தேர்ந்தெடுத்தது நான். அறிக்கை எழுதினதும் நான். என் வேலையைப் பத்தி நானே எழுதினா தற்பெருமை ஆயிடாதா?”

தோகார் தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே வந்தான்.

புது எஞ்சினைப் பழக்கும் விழா அடுத்த வியாழக்கிழமை நடந்தது. பச்சைப் பீப்பாய் ஆயிலை மேளதாளத்தோடு ஊற்றினார்கள். குழந்தை பிறந்தால், மருமகள் வந்தால் வைக்கிற, மஞ்சள் போட்டுச் சமைத்த மீனை எஞ்சின் தலைமேல், ரேடியேட்டரைப் பார்த்து நீந்துகிற மாதிரி வைத்தார்கள். பின்சார் ஐயா தன் கையாலேயே, ஆசீர்வாதத்துக்குப் போர்த்துகிற உலோஸ் சால்வையை எஞ்சினுக்குப் போர்த்தி, “நீ எங்கள் வீட்டுப் பிள்ளை. அடங்கி நட, நீடூழி வாழ்” என்று முக்கால் மணி நேரம் பேசினார். பிறகு ஸ்டார்ட் செய்தார்கள். காற்று இழுக்கும் குழாய் சால்வையின் குஞ்சத்தை உள்ளே இழுத்துக்கொண்டது. எஞ்சின் இருமியது.

“பாருங்கள், மரியாதையை ஏற்றுக்கொண்டது” என்றார் பின்சார் ஐயா. எல்லோரும் கைதட்டினார்கள்.

துறையின் விதிப்படி எஞ்சின் ஏழு பகல் ஏழு இரவு நின்ற இடத்திலேயே ஓட வேண்டும். விக்தர் தலையிலடித்துக்கொண்டான். “புது எஞ்சின்னா கொஞ்சம் பாரம் இழுக்கணும் மச்சான், அப்பத்தான் பிஸ்டன் ரிங்கு ஒக்காரும். சும்மா நின்னு உறுமிக்கிட்டே இருந்தா சிலிண்டர் சுவரு கண்ணாடியாட்டம் வழவழன்னு ஆயிடும். அப்புறம் ஆயுசுக்கும் ஆயிலைக் குடிக்கும்” என்றான்.

புண்ணியத்துக்கு, ஏழு நாளைக்கான டீசல் அனுமதி வேறொரு துறையிடம் மாட்டிக்கொண்டது. எஞ்சின் நாற்பது நிமிடத்தில் நின்றுவிட்டது. ஆனால் விழாக் குறிப்பேட்டில் ஏழு நாள் என்று போட்டாயிற்றே. அதனால் இரண்டு காவலாளிகள் ஓடாத எஞ்சின் பக்கத்தில் முறைவைத்து உட்கார்ந்து, மணிக்கொரு தடவை காதைச் சாய்த்துக் கேட்டு, ‘ஓசை சீர்’ என்று எழுதினார்கள். மூன்றாம் நாள் அவர்களில் மூத்தவர் தோகாரைத் தனியாகக் கூப்பிட்டார். அவர் முகம் வெளுத்திருந்தது.

“தப்பா நெனைக்காத. முதல்ல சும்மாதான் எழுதினேன். இப்ப நெசமாவே கேக்குது. உள்ள யாரோ மெதுவா தட்டுறாங்க.”

தோகார் போய் எஞ்சின்மேல் கை வைத்தான். ஜில்லென்று இருந்தது. அவனுக்கு ஒன்றும் கேட்கவில்லை, ஆனாலும் கையை எடுக்க மனசு வரவில்லை. ஏழு நாள் முடிந்ததும் முழுப் பாரத்தோடு இறங்கு என்பார்கள். இந்த ஆயிலோடு இறங்கினால் தானும் அந்த வளைவோடு சரி என்று அவனுக்கு நன்றாகத் தெரிந்தது. வீட்டில் மூன்று பிள்ளைகள்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குக் காவலாளிகள் உட்படத் தோட்டமே கோயிலுக்குப் போயிருந்தது. இரண்டாவது பாட்டு கீழேயிருந்து கேட்கும்போது தோகாரும் விக்தரும் லாரிக்கடியில் படுத்திருந்தார்கள். பீப்பாய் ஆயிலைச் சொட்டு விடாமல் வடித்தார்கள். தோகார் பஜாரிலிருந்து அரிசி மூட்டைக்குள் ஒளித்துக் கொண்டுவந்த டின்களை விக்தர் திறந்தான். டீசல் எஞ்சினுக்கென்றே வருகிற பதினைந்து-நாற்பது ரக ஆயில்.

“சிந்தெடிக் வாங்கலியே?”

“நீ சொன்ன சாதா ஆயில்தான்.”

“நல்லது. பழக்குற காலத்துல அந்த ஒசத்தி ஆயில் வேணாம். ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டு. ஒரே வேகத்துல போகாத, ஏத்தி எறக்கி ஓட்டு. அரைப் பாரம்தான். அப்புறம் இதையும் வடிச்சுட்டு மாத்திடலாம்.” கையைத் துடைத்துக்கொண்டவன், “மச்சான், அந்த வளைவுல மட்டும் ஹாரன் அடிச்சிடு” என்றான்.

குலை ஏற்றுகிறவர்கள் மரோலோப்பின் சொந்தக்காரர்கள். அவர்களிடம் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. ஓரத்தில் மட்டும் உயரமாக அடுக்கி நடுவில் வெற்றிடம் விட்டார்கள்; பார்க்கிறவர்களுக்கு முழுப் பாரம்.

முதல் இறக்கத்தில் தோகார் வளைவுக்கு வந்தபோது ஏரி முழுக்கப் பனி மூடிக்கிடந்தது. மூன்று ஹாரன் அடித்தான். எஞ்சின் மூச்சுத் திணறாமல் இறங்கியது. கிராம்பு வாசனை கேபினுக்குள் கனமாக வந்து நின்றது. “மச்சான், நான்தான்” என்றான் சத்தமாக. அதற்குப் பிறகு தினமும் பேச ஆரம்பித்தான். பிள்ளைகளைப் பற்றி, மழையைப் பற்றி, பின்சார் ஐயாவைப் பற்றி. கண்ணாடியைத் தூக்கி வைப்பதையும் விட்டுவிட்டான். அது சாய்ந்திருக்கிற நிலையில் பார்த்தால் பின்சக்கரம் மட்டும்தான் தெரியும். சுற்றுகிறதா, நின்றுவிட்டதா என்று தெரியும். மரோலோப் எதைப் பார்த்துக்கொண்டே வண்டி ஓட்டியிருக்கிறான் என்று அப்போதுதான் தோகாருக்கு விளங்கியது. அந்த ஆயில் என்றைக்காவது எஞ்சினைப் பிடிக்கும் என்று மரோலோப்புக்கும் தெரிந்திருந்தது.

ஆயிரம் கிலோமீட்டரும் முடிந்தது. எஞ்சின் பட்டுப்போல ஓடியது. தோகார் உயிரோடு இருந்தான்.

வினை அங்கேதான். உயிரோடு இருக்கிற ஓட்டுநரைப் பார்த்ததும் துறைக்குத் தலைகால் புரியவில்லை. ‘தேர்வுக்குழுவின் ஆயில் களத்தில் நிரூபிக்கப்பட்டது’ என்று பின்சார் ஐயா சுற்றறிக்கை விட்டார். வரும் திங்கட்கிழமை காலை மீதி இருபத்தைந்து லாரிகளிலும் இருக்கிற ஆயிலைக் கொட்டிவிட்டுப் பச்சைப் பீப்பாய் ஆயிலை நிரப்ப வேண்டும் என்று உத்தரவு. லாரியில் ஏற்றிய பச்சைப் பீப்பாய்கள் ஊரிலிருந்து வரிசையாக வந்து இறங்கின.

தோகார் அந்தப் பீப்பாய்களை எண்ணவில்லை. எண்ணத் துணிவில்லை. தன் ஒரு உசிரைக் காப்பாற்றப் போய் இருபத்தைந்து பேருக்குக் குழி வெட்டிவிட்டோமே என்று நேரே பின்சார் ஐயாவின் அறைக்கு ஓடினான்.

“ஐயா, நான் ஓட்டினது பீப்பாய் ஆயில்ல இல்ல. மாத்திட்டேன். அதனாலதான் பொழச்சேன்.”

பின்சார் ஐயா பதிவேட்டைத் திறந்து பார்த்தார். “பீப்பாய் ஆயில்தான் ஊத்தியிருக்கு.”

“வடிச்சுட்டு மாத்திட்டேங்கய்யா.”

“மாத்தியிருந்தா இதுல இருக்குமே.”

“திருட்டுத்தனமா மாத்தினதை எப்படிங்க எழுதுவாங்க? வேலையை விட்டு அனுப்புங்க, ஜெயில்ல வைங்க. திங்கக்கிழமை அந்த ஆயிலை மட்டும் ஊத்தாதீங்க. ஒவ்வொருத்தனா அந்த வளைவுல போவான். மரோலோப் அப்படித்தான் போனான். எஞ்சின் பிடிச்சப்ப பின்சக்கரம் நின்னதைக் கண்ணாடியில பாத்துக்கிட்டேதான் போனான்.”

பின்சார் ஐயா பேனாவைக் கீழே வைத்தார். “அது உனக்கு எப்படித் தெரியும்?” என்று மெதுவாகக் கேட்டார். தோகார் பதில் சொல்வதற்குள் அவர் முகத்தில் ஒரு நிம்மதி பரவிவிட்டது. “புரியுது. நம்ம தோகார் இப்படிப் பேசுற ஆளே கிடையாது. இது அவன் பேச்சு இல்ல.”

வளைவுவாசித் தொடர்புப் பிரிவுக்கு ஆள் போயிற்று. பாவம், அந்த ஏழு பேரும் பிரிவு தொடங்கிய நாளிலிருந்து ஒரு கேஸ்கூட இல்லாமல், பிரிவையே மூடிவிடுவார்களோ என்று கலங்கிப்போய் உட்கார்ந்திருந்தவர்கள். ஓடோடி வந்தார்கள். தோகாரைச் சுற்றிவந்து மோந்துபார்த்தார்கள். கிராம்பு வாசனை இருக்கிறது என்று ஏழு பேரும் கையெழுத்துப் போட்டார்கள். மரோலோப்பின் ஆவி ஓட்டுநர் தோகார்மேல் இறங்கியிருக்கிறது என்று பகல் பன்னிரண்டு மணிக்குள் சான்றிதழ் தயார். அடையாளம் காட்ட ஒரே ஒரு ஆள் மட்டும் பாக்கி.

சனிக்கிழமை காலை மரோலோப்பின் மனைவி, ரோத்துவாவின் அம்மா தியார்மாவைக் கூட்டிவந்தார்கள். கறுப்புப் பாவாடையும் ரப்பர் செருப்புமாக வந்து நின்றாள். இந்த எட்டு மாதத்தில் அவள் அந்த அலுவலகப் படியில் உட்காராத வாரம் இல்லை. உள்ளே கூப்பிட்டது இதுதான் முதல் தடவை. நடுவில் ஒரு நாற்காலியில் தோகார். எழுத்தர் லுகாஸ் பேனாவோடு தயாராக இருந்தான்.

“அம்மா, பயப்படாம சொல்லுங்க. இது உங்க வீட்டுக்காரர்தானே?” என்றார் பின்சார் ஐயா.

தியார்மா தோகாரை உற்றுப் பார்த்தாள். தோகார் தலையைக் குனிந்துகொண்டான். அவனைச் சின்ன வயசிலிருந்தே அவளுக்குத் தெரியும்.

“அவர் என்ன சொன்னார்னு படிங்க” என்றாள் லுகாஸிடம்.

லுகாஸ் படித்தான். பச்சைப் பீப்பாய், ஹைட்ராலிக் ஆயில், பின்சக்கரம், திங்கட்கிழமை.

“இதைத்தானே எட்டு மாசமா நானும் சொல்றேன். ஒரு வரி எழுதலியே.”

“நீங்க சொன்னது செவிவழிச் செய்திம்மா. விபத்தை நேர்ல பாத்தவர் அவர் ஒருத்தர்தான்.”

“அவரே சொன்னா எழுதுவீங்களா?”

“அதெப்படி எழுதாம இருக்க முடியும்? விதி இருபத்தொன்பது. கண்ணால் கண்ட சாட்சி வாய்திறந்தால், பழைய அறிக்கை செல்லாது. சம்பந்தப்பட்ட பொருள் எல்லாத்துக்கும் சீல் வைக்கணும். அதை எழுதினதே நான்தான்” என்றார் பின்சார் ஐயா பெருமையாக. சொல்லி முடித்தபிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கு உறைத்தது.

“இவர்தான்” என்றாள் தியார்மா.

“அம்மா, நல்லா பாத்து...”

“பதினாறு வருஷம் குடும்பம் நடத்தினவளுக்குத் தெரியாதா? இவர்தான். எழுதுங்க.”

பின்சார் ஐயா தொடர்புப் பிரிவைத் திரும்பிப் பார்த்தார். ஏழு பேரும் சான்றிதழை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அவரைப் பார்த்தார்கள். ஒருவராவது விட்டுக்கொடுக்கிற முகமாக இல்லை. லுகாஸ் எழுதி முடித்தான். முத்திரை விழுந்தது. அரக்கும் கயிறும் எடுத்துக்கொண்டு இரண்டு பேர் கொட்டகைக்குப் போனார்கள். பீப்பாய்களை உருட்டுகிற சத்தம் ஜன்னல் வழியாகக் கேட்டது. தோகாருக்கு வீட்டுக்குப் போனால் போதும் என்றிருந்தது.

தியார்மா போகவில்லை.

“நான் ஒண்ணு கேக்கணும். இவர்கிட்ட.”

“இதையும் எழுதணுமா ஐயா?” என்றான் லுகாஸ். பின்சார் ஐயா வெறுமனே கையை அசைத்தார்.

அவள் தோகாரின் முன்னால் வந்து நின்றாள். இப்போது அவள் குரல் வேறாக இருந்தது. “ஆஸ்பத்திரியில உங்க சட்டையைக் கொடுத்தாங்க. பையில ஒரு சீப்பு இருந்திச்சு. புதுசு. பொம்பளைங்க சீப்பு, பேப்பர்கூடப் பிரிக்கல. யார்கிட்டயும் சொல்லல. எட்டு மாசமா தூக்கம் இல்ல எனக்கு. அது யாருக்கு?”

தோகாருக்குச் சீப்பைப் பற்றி எதுவும் தெரியாது. ஒரு பொய் சொன்னால் போதும், அந்தப் பெண் பிழைத்துக்கொள்வாள் என்று நினைத்தான். உனக்குத்தான் என்று சொல்லிவிட வாயைத் திறந்தான்.

“உனக்குத்தான், ரோத்துவா அம்மா” என்றது வாய். அதோடு நிற்கவில்லை. “அன்னைக்குக் காலையில பாப்பாவுக்குத் தலை வாரும்போது பழைய சீப்பு ரெண்டா உடைஞ்சுதுன்னு என்மேல எரிஞ்சு விழுந்தியே. நான் பதில் பேசாமப் போனேன்ல. கோவம் இல்ல. முதல் நடையில கீழே போனப்பவே வாங்கிட்டேன், சாயங்காலம் வந்து கொடுத்துக்கலாம்னுதான்.”

தோகார் பேச்சை நிறுத்தினான். இது எங்கிருந்து வந்ததென்று அவனுக்குத் தெரியவில்லை. தொடர்புப் பிரிவின் ஏழு பேரும் ஒவ்வொருவராகக் கதவுப்பக்கம் நகர்ந்தார்கள். பின்சார் ஐயா எழுந்து நின்றுவிட்டார். லுகாஸின் பேனா காகிதத்தின்மேல் அப்படியே நின்றது.

தியார்மா கீழே, தரையிலேயே உட்கார்ந்துகொண்டாள். புறங்கையால் முகத்தைத் துடைத்தாள்.

“ஏன் நிறுத்திட்டீங்க” என்றாள் லுகாஸிடம். “எழுதிக்கங்க. எனக்குத்தான் வாங்கியிருக்காரு.”